சும்மா தந்த சிடி

யுத்தம் நடந்த அந்த வருடங்களில் கடைக்கு யார் வந்தாலும் நான் முதலில் பார்ப்பது தலைமயிரைத்தான். பிடரியில் ஒட்ட வழித்து, காதுக்கு மேலே கோடு போட்டமாதிரி வெட்டியிருந்தால், உடுத்தியிருப்பது சாரமோ ஜீன்ஸோ, ஆள் நேவி. அடுத்தது செருப்பு. நேவிக்காரர் லீவில் வெளியே வரும்போது போடும் செருப்பு எப்போதும் புதிதாக இருக்கும். மற்ற நாட்களில் சப்பாத்துத்தானே. இப்படிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. திருகோணமலையில் கடை வைத்திருந்தவர்களுக்கு அது தானாக வந்தது.

என் கடை உட்துறைமுகப் பக்கம் போகும் வீதியில், மூதூர் லோஞ்ச் வந்து நிற்கும் ஜெட்டிக்குக் கிட்டவாக இருந்தது. ஒரே ஒரு அறை. போட்டோகொப்பி மெசின், கொம்பியூட்டர், சத்தம் போடும் ஒரு டொட் பிரிண்டர், வருகிறவர்கள் இருக்க இரண்டு கதிரை. சத்தியக்கடதாசி, பொலிசில் கொடுக்கும் குடும்பப் பதிவு, காணாமல்போனவரைத் தேடித் தரும்படி கந்தோர் கந்தோராக அனுப்பும் கடிதம். சனத்துக்கு அப்போது சோற்றுக்கு அடுத்தபடி தேவைப்பட்டது கடதாசிதான். அதை அடித்துக் கொடுப்பவள் நான். என்ர மனுசன் கல்விக் கந்தோரில் கிளார்க். பின்னேரம் வந்து போட்டோகொப்பியைப் பார்த்துக்கொள்வார்.

கொம்பியூட்டர் கொழும்பில் ஏதோ ஒரு கந்தோர் கழித்துவிட்டது. உள்ளே இருந்தது தொண்ணூற்றெட்டாம் ஆண்டு விண்டோஸ், அதுவும் கள்ளக் கொப்பி. அதைப் போட்டுத் தந்தவர் கனடாவுக்குப் போய்விட்டார். அந்த விண்டோஸைச் செய்து விற்றவர்களே இனி அதைக் கவனிக்கமாட்டார்கள் என்று பேப்பரில் வந்திருந்தது. புதியதைப் போடலாமென்றால் என் மெசின் அதைத் தாங்காது என்றார்கள். ஆகவே நான் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அடித்துக்கொண்டிருக்கும்போதே திரை நீலமாகும். வெள்ளை எழுத்தில் ஏதோ சொல்லும். பிறகு அசையாது. நிப்பாட்டிப் போட்டால் அதுவரை அடித்தது ஒன்றும் இருக்காது.

மற்றவர்களுக்கு அது நேரவிரயம். எனக்கு முன்னால் கதிரையில் இருந்தவர்களுக்கு அப்படியில்லை. ஒரு நாள் சல்லிக் கிராமத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். கடலுக்குப் போகவென்று விடிய வீட்டைவிட்டுப் போன புருசன் வள்ளத்தடிக்குப் போய்ச் சேரவில்லை. என்ன நிறச் சேட்டு, எந்தச் சந்தியில் கடைசியாகக் கண்டவர்கள், யார் கண்டவர்கள் என்று ஒவ்வொன்றாக அவள் சொல்ல நான் அடித்தேன். முடிகிற தறுவாயில் திரை நீலமாயிற்று. அவளைப் பார்த்து, "இன்னொருக்கா முதலிலயிருந்து சொல்லுங்கோ" என்று நான் கேட்க வேண்டியிருந்தது. அவள் சொன்னாள். இரண்டாம் தரம் அவள் அழவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அந்த நேரம் கடைக்குள் இன்னொருவன் நின்றான். போட்டோகொப்பி எடுக்க வந்தவன். தலைமயிரைப் பார்த்தேன், செருப்பைப் பார்த்தேன். நேவி. இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். அவள் போன பிறகு கொம்பியூட்டரைக் காட்டிச் சிங்களத் தமிழில் சொன்னான்.

"அக்கா, அது வைரஸ் மட்டும் இல்ல. விண்டோஸ் கிழவன் ஆயிட்டது. வேற ஒண்டு இருக்கு. லினக்ஸ். சும்மா."

"சும்மா எண்டால்?"

"காசு இல்ல. ஃப்ரீ."

நான் கொப்பிக்கான காசை வாங்கிக்கொண்டு "சரி" என்று மட்டும் சொன்னேன். அந்தக் காலத்தில் நேவிக்காரனிடம் "வேண்டாம்" என்று சொல்வதும் ஒன்றுதான், "வேணும்" என்று சொல்வதும் ஒன்றுதான். இரண்டும் கதையை வளர்க்கும்.

அடுத்த கிழமை அவன் ஒரு சிடியோடு வந்தான். மட்டை உறைக்குள் இருந்தது. பதிவுத் தபாலில் வெளிநாட்டிலிருந்து தனக்கு வந்தது என்றான். எழுதிக் கேட்டால் தபால் காசைக்கூட அவர்களே கட்டி அனுப்புவார்களாம். உறையைத் திருப்பிப் பார்த்தேன். இதைக் கொப்பி எடுத்து மற்றவர்களுக்கும் கொடுக்கலாம் என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. நான் அதுவரை கண்ட சிடி ஒவ்வொன்றிலும் கொப்பி எடுத்தால் குற்றம் என்றுதான் இருந்தது. இதிலோ எடுத்துக் கொடு என்கிறான்கள்.

இரவுச் சாப்பாட்டின்போது மனுசனிடம் காட்டினேன். அவர் அதை ஓரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார்.

"ஆர் இதைச் செய்யிறது?"

"உலகம் முழுக்க இருந்து ஆக்கள் சேர்ந்து செய்யினமாம். சம்பளம் இல்லாமல்."

"சம்பளம் இல்லாமல் ஆர் வேலை செய்யிறது? நீர் நம்புறீரோ?"

"இல்லை."

"அவன் ஏன் உமக்குத் தாறான்?"

அதுதான் எனக்கும் தெரியவில்லை. அவன் ஏன் எனக்குத் தர வேண்டும்? கடையில் பதியும் அடையாள அட்டை நம்பர்கள், விலாசங்கள், யார் வீட்டில் யார் தங்குகிறார்கள் என்ற விபரமெல்லாம் என் மெசினில்தான் இருந்தன. அதையெல்லாம் உறிஞ்சி எடுக்க இதைவிட நல்ல வழி இருக்குமா? சிடியை அலுமாரியில் சீலைகளுக்குக் கீழே வைத்தோம்.

மறுநாள் வீதிக்கு எதிரே இருந்த முன்கடைத் தையல்காரர் கூப்பிட்டார். கிண்ணியாக்காரர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர், முஸ்லிம்கள் அண்ணனைச் சொல்வதுபோல அவரை 'நானா' என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய தையல் மெசின் வாசலைப் பார்த்தபடி இருக்கும். வீதியில் நடப்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

"புள்ள, அந்தப் பொடியன் நேவி. தெரியுந்தானே?"

"தெரியும் நானா. கொப்பி எடுக்க வாறவர்."

"கொப்பி எடுக்க இவ்வளவு நேரம் எடுக்காது" என்றார் துணியைப் பார்த்துக்கொண்டு. "நான் சொல்லல்ல. ஆக்கள் சொல்லுவாங்க."

அதன்பிறகு அவரும் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது என் மனதில் ஏறிவிட்டது.

பிறகு பொலிஸ் பதிவைப் புதுப்பிக்கச் சொல்லி அறிவித்தார்கள். கடை வாசலில் சனம். அந்த நெருக்கடியில் கொம்பியூட்டர் அடியோடு விழுந்தது. இம்முறை நீலம்கூட இல்லை. கறுப்புத் திரையில் ஒரு சின்னக் கோடு மினுங்கிக்கொண்டு நின்றது, அவ்வளவுதான். நான் கையால் எழுதிக் கொடுத்துச் சமாளித்தேன். விரல்கள் வீங்கிவிட்டன. ஒரு ஓய்வுநாள் பின்னேரம் அந்தப் பொடியன் வந்து எட்டிப் பார்த்தபோது, அவனை உள்ளே கூப்பிட்டது நான்தான்.

"அந்தச் சிடியைப் போட்டால் என்ர பழைய வேலையெல்லாம் போயிடுமோ?"

"இல்ல அக்கா. முதல்ல பாக்கலாம். உள்ளுக்கு ஒண்டும் போடாம, சிடியிலயிருந்தே ஓடும்."

கதவை அகலத் திறந்து வைக்கச் சொன்னேன். வீட்டிலிருந்து சிடியை எடுத்துவந்த மனுசன் வாசலில் நின்றார். நான் அவன் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு, அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கீபோட்டில் எந்தக் கட்டையை அமத்துகிறான், எத்தனை தரம், எந்த இடத்தில் நிற்கிறான். கண் வெட்டினால் ஏதோ செய்துவிடுவான் என்ற பயம். திரையில் முதலில் வெள்ளை எழுத்துகள் மழைமாதிரி ஓடின. பிறகு வண்ணத் திரை வந்தது. சிடியை எடுத்தால் மெசினில் ஒரு அடையாளமும் இருக்காது என்றான். அவனுக்கு அது பெருமை. எனக்கு, அடையாளம் வைக்காமல் வந்துபோகிற சாமானை யார் செய்வார்கள், எதற்குச் செய்வார்கள் என்றிருந்தது.

ஆனால் என் பழைய வேலையெல்லாம் அந்தத் திரையில் தெரிந்தது. விண்டோஸ் செத்துப்போனாலும் டிஸ்கில் கடிதங்கள் அப்படியே இருந்தன. அவன் சேட்டுப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தான், கொப்பி பண்ணிவைக்க. நான் அவன் கையைத் தடுத்தேன்.

"உங்கட பென்னில வேண்டாம்."

அவன் முகம் சிவந்தது. "சரி அக்கா" என்று திரும்பப் பையில் போட்டான். மனுசன் கந்தோரில் கூட வேலைசெய்பவர் ஒருவரின் வீட்டுக்குப் போய் ஒரு பென்னை விலைக்கு வாங்கிக்கொண்டு வந்தார். எல்லாவற்றையும் அதில் ஏற்றினோம், தமிழ் எழுத்துருவையும் சேர்த்து. பென்னை நான் என் கைக்குள் பொத்திக்கொண்டேன்.

பிறகு புதியதைப் போட ஆரம்பித்தான். என்ன மொழி என்று முதலில் கேட்டது. பட்டியலில் தமிழ் எழுத்திலேயே தமிழ் என்று இருந்தது. அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை, ஆங்கிலத்தையே எடுக்கச் சொன்னேன். ஒரு உலகப் படம் வந்தது. அதில் எங்கள் தீவு ஒரு நெல்மணி அளவு. அவன் கொழும்பைத் தொட்டான். பிறகு கீபோட் எது என்றது. பிறகு பெயர், பாஸ்வேர்ட். அந்த இடத்தில் அவனை எழுந்து வீதியைப் பார்த்து நிற்கச் சொன்னேன். நின்றான். கடைசியாக, டிஸ்கை முழுதாக அழிக்கட்டுமா என்று கேட்டது. நான் பென்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓம் என்றேன்.

எல்லாம் முடிந்ததும் பிரிண்டர் முதல் தடவையிலேயே வேலைசெய்தது. தமிழ் எழுத்து சரியாக வந்தது. பென்னிலிருந்த சல்லிப் பெண்ணின் கடிதத்தைத் திறந்து பார்த்தேன். வரி விலகாமல் இருந்தது.

"எவ்வளவு?" என்று கேட்டேன்.

"காசு வேணாம். எனக்கு லீவு நாளில கொஞ்ச நேரம் மெசினைத் தர ஏலுமா? நான் டொக்யார்ட்ல வயர் வேலை. கொம்பியூட்டரைத் தொட விடமாட்டாங்க. கை பழக வேணும்."

விலை அதுதான். கேட்டதும் எனக்கு ஒருவிதத்தில் நிம்மதி. ஒருவன் ஒன்றுமே கேட்காவிட்டால்தானே பயம். ஆனால் வீட்டுக்குப் போய் யோசித்தபோது, மெசினுக்கு முன்னால் வாராவாரம் இருக்க அவன் கண்டுபிடித்த சாட்டாகவும் அது இருக்கலாம் என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் வருவான். திரையில் கறுப்பாக ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து அதில் ஆங்கிலத்தில் ஏதேதோ அடிப்பான், மெசின் பதில் சொல்லும். என்னையும் அதில் சில வேலைகளைச் செய்யச் சொல்லித் தந்தான். அந்தப் பெட்டியில் பாஸ்வேர்ட் அடிக்கும்போது ஒன்றுமே தெரியாது. புள்ளிகூட விழாது. நான் அடித்தது எங்கே போகிறது என்று கேட்டேன். "எங்கயும் போகாது அக்கா. பக்கத்தில ஆள் பாத்தா எத்தனை எழுத்து எண்டு தெரியக்கூடாது, அதுக்குத்தான்" என்றான். நல்ல பதில்தான். ஆனால் கடையில் போன் லைன்கூட இல்லாதபோதும், நான் மெசினை நிப்பாட்டிவிட்டு வயரைக் கழற்றிய பிறகுதான் வீட்டுக்குப் போவேன்.

உண்மையைச் சொன்னால் மெசின் நன்றாக ஓடியது. நீலத் திரை வரவேயில்லை. ஆட்கள் கொண்டுவரும் பென்களில் இருந்த வைரஸ் ஒன்றும் அதை அசைக்கவில்லை. நான் யாரையும் இரண்டாம் தரம் சொல்லச் சொல்லவில்லை. அப்படியிருந்தும் ஒரு பரீட்சை வைத்துப் பார்க்கத் தோன்றியது. ஒரு வியாழக்கிழமை, அடுத்த நாள் உப்புவெளியில் கலியாணம், கடை பூட்டு என்று ஒரு வரியை அடித்து மெசினில் வைத்தேன். யாரிடமும் வாயால் சொல்லவில்லை. மெசினுக்குள் இருப்பதை அவன் எங்கோ இருந்து பார்க்கிறானென்றால் வெள்ளி வரமாட்டான்.

வெள்ளிக்கிழமை கடையைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்திருந்தேன். வழக்கமான நேரத்துக்கு வந்தான், ஒரு பொதியில் வடையோடு. வடையை வாங்கினேன், ஆனால் அவன் முதலில் ஒன்றை எடுத்துக் கடித்த பிறகுதான் நான் தின்றேன்.

அதற்குப் பிறகு சில கிழமையில், வெயில் நேரத்தில் ஒரு ஆள் வந்தார். சாதாரண ஆள், தலைமயிர் வளர்ந்திருந்தது, தேய்ந்த செருப்பு. சுத்தத் தமிழ். ஒரு கொப்பி எடுத்தார். காசைத் தந்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"வெள்ளிக்கிழமையில வாற நேவிப் பொடியன் இங்க என்ன செய்யிறவர் அக்கா?"

"கொம்பியூட்டர் திருத்த வாறவர்."

"திருத்த நேவிக்காரர்தான் கிடைச்சவரோ?"

"வேற ஆர் இருக்கினம் தம்பி? தெரிஞ்ச ஆக்கள் எல்லாம் வெளிநாட்டிலயெல்லோ."

அவர் சிரித்தார். "யோசிச்சு நடவுங்கோ" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். எந்தப் பக்கத்து ஆள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அப்போது ஊரில் அப்படிக் கேட்கக்கூடியவர்கள் பல பக்கத்திலும் இருந்தார்கள். எந்தப் பக்கமானாலும் என் கடையில் நேவி வந்துபோவது அவர்களுக்கு ஒரே அர்த்தம்தான்: யாரோ யாருக்கோ தகவல் கொடுக்கிறார்கள். நான் முன்கடையைப் பார்த்தேன். தையல்காரர் தலையைக் குனிந்து தைத்துக்கொண்டிருந்தார். அவர்தான் சொல்லியிருப்பாரோ என்று அந்த நிமிசமே எனக்குள் விழுந்துவிட்டது.

மனுசனிடம் சொன்னபோது அவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்தார். "இனி வரவேண்டாமெண்டு சொல்லும்" என்றார்.

வெள்ளிக்கிழமை அவன் வந்து உள்ளே இருக்க முன்னரே நான் எழும்பி நின்றேன்.

"தம்பி, இனி வராதேங்கோ."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு வீதியைப் பார்த்தான்.

"யாராவது கேட்டாங்களா?"

"ஓம்."

"எனக்கும் காம்ப்ல கேட்டாங்க. எங்க போற, யாரைப் பாக்கிற எண்டு." கொம்பியூட்டர் பக்கம் தலையைத் திருப்பினான். "மெசின் நல்லா போகுதா?"

"போகுது."

"சரி அக்கா." வாசலுக்குப் போனவன் திரும்பி, "என்னைத் தெரியும் எண்டு யாருக்கும் சொல்ல வேணாம். உங்களுக்கும் கரைச்சல், எனக்கும் கரைச்சல்" என்றான். அதுதான் அவன் கடைசியாகச் சொன்னது.

அந்த வேண்டுகோளிலும் ஏதாவது சூது இருக்கிறதா என்று யோசித்தேன். யோசித்துக் களைத்தேன்.

சுற்றிவளைப்பு நடந்தது மழை தொடங்கிய பிறகு. விடிந்ததும் நேவிக்காரர் வீதியின் இரண்டு முனையையும் மறித்துவிட்டு ஒவ்வொரு கடையாக வந்தார்கள். என் கடையில் கொம்பியூட்டரைப் போடச் சொன்னார்கள். போட்டேன். கறுப்புத் திரையில் வழக்கம்போல வெள்ளை எழுத்துகள் ஓடின. முன்னால் நின்றவர் ஒரு அடி பின்னால் வைத்தார். இன்னொருவரைக் கூப்பிட்டார். இருவரும் சிங்களத்தில் கதைத்தார்கள். "விண்டோஸ் நே" என்பது மட்டும் எனக்கு விளங்கியது. விண்டோஸ் இல்லை. அலுமாரியிலிருந்து கடை மேசை லாச்சிக்கு நான் கொண்டுவந்து வைத்திருந்த சிடியையும் எடுத்தார்கள். மெசினைத் தூக்கி ஜீப்பில் வைத்தார்கள். பிறகு காம்புக்கு வரச் சொன்னார்கள்.

மனுசன் கந்தோர் அடையாள அட்டையை நெஞ்சில் குத்திக்கொண்டு என்னோடு வந்தார். நீண்ட நேரம் ஒரு மர வாங்கில் இருத்திவைத்தார்கள். அந்த வழியால் போன ஒவ்வொரு சீருடையையும் நான் பயந்து பயந்து பார்த்தேன். அவன் வந்துவிட்டால் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும். அவன் வரவில்லை.

உள்ளே ஒரு அதிகாரி இருந்தார். ஆங்கிலமும் சிங்களமும் கதைத்தார். மனுசன் மொழிபெயர்த்தார். என் மெசின் மேசையில் இருந்தது.

"கறுப்புத் திரையில் எழுத்து ஓடுகிற, செய்தி அனுப்பும் மெசின் ஒன்று உங்களிடம் இருப்பதாகத் தகவல். கடிதம் அடிக்க வந்த ஒருவர் கண்டிருக்கிறார். இதை யார் போட்டுத் தந்தது?"

மனுசன் என் பக்கம் திரும்பி மொழிபெயர்த்தார்.

"நான்தான் போட்டனான்" என்றேன்.

"நீங்களா?"

"ஓம். சிடியில இருக்கு. அது கேக்கக் கேக்கச் சொன்னால் தானாப் போடும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். சீலை, நனைந்த குடை, தேய்ந்த செருப்பு. சிடியை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"போட்டுக் காட்டுங்கள்."

மனுசன் அதை மொழிபெயர்க்கவில்லை. தேவையும் இருக்கவில்லை. நான் கதிரையில் இருந்தேன். அதை நான் ஒரு தரம்கூடத் தனியாகச் செய்ததில்லை. செய்தவனைப் பார்த்தது மட்டும்தான். ஆனால் அன்றைக்கு அவன் விரல்களை நான் பார்த்த பார்வை இருக்கிறதே, படிக்கிறவள் பார்த்த பார்வையல்ல. கள்ளனைப் பிடிக்க நிற்பவள் பார்த்த பார்வை. ஒரு அசைவையும் நான் விட்டிருக்கவில்லை. சிடியைப் போட்டேன், எந்தக் கட்டையை அவன் அமத்தினானோ அதை அமத்தினேன். எழுத்துகள் ஓடின. அதிகாரி எழும்பி என் பின்னால் வந்து நின்றார்.

மொழிப் பட்டியல் வந்தது.

"ஏன் இதில் தமிழ் இருக்கிறது?" என்று கேட்டார். "சிங்களம் எங்கே?"

பட்டியலை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தேன். சிங்களம் இல்லை. "தெரியாது சேர், செய்தவை அப்பிடித்தான் போட்டிருக்கினம்" என்றேன். ஆங்கிலத்தை எடுத்துவிட்டு அவசரமாக அடுத்ததுக்குப் போனேன். உலகப் படம். கொழும்பைத் தொட்டேன். கீபோட் பட்டியல் வந்தது. அதில் ஸ்ரீ லங்கா என்று ஒரு வரி இருந்தது ஞாபகம். தேடி அதை அமத்தினேன். பக்கத்தில் சிங்களமும் தமிழும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்தன.

"இந்தா சேர், சிங்களமும் இருக்கு."

அவர் குனிந்து பார்த்தார். கதிரையொன்றை இழுத்து எனக்குப் பக்கத்தில் இருந்துகொண்டார். பாஸ்வேர்ட் அடிக்கும்போது அவரை வேறு பக்கம் பார்க்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. டிஸ்கை அழிக்கட்டுமா என்று மெசின் கேட்டபோது நின்றேன்.

"என்ன?"

"ஓம் எண்டால் உள்ளுக்கு இருக்கிற எல்லாம் போயிடும். சனத்தின்ர கடிதங்கள்."

மனுசன் மொழிபெயர்த்தார். அதிகாரி, "போகட்டும்" என்றார். நான் ஓம் என்பதை அமத்தினேன். வீட்டில் அரிசிப் பேணிக்குள் இருந்த பென்னில் பழையவை இருந்தன. பிறகு வந்தவர்களின் கடிதங்கள் அந்த அறையில், என் கையாலேயே அழிந்தன.

முடிந்ததும் அவர் மெசினை அங்குமிங்கும் கிளறிப் பார்த்தார். சீட்டுக் கடதாசி விளையாட்டு ஒன்றைத் திறந்து கொஞ்சம் விளையாடினார். பிறகு கேட்டார்.

"இது எவ்வளவு?"

"சும்மா சேர்."

"யார் சும்மா கொடுக்கிறார்கள்? ஏன்?"

"எனக்கும் தெரியாது" என்றேன். அன்றைக்கு நான் சொன்னதில் முழு உண்மை அது ஒன்றுதான்.

மெசினைத் திருப்பித் தந்தார்கள். சிடியைத் தரவில்லை. அவர் அதை உறையில் போட்டுத் தன் மேசை லாச்சிக்குள் வைத்ததைக் கண்டேன். நாங்கள் கேட்கவில்லை.

ஓட்டோவில் மெசினை மடியில் வைத்துக்கொண்டு வந்தோம். கடை வாசலில் இறங்கியதும் தையல்காரர் தைப்பதை விட்டுவிட்டு ஓடிவந்து ஒரு பக்கம் பிடித்தார். மேசையில் வைத்துவிட்டு நெற்றியைத் துடைத்தார். மனுசன் தேத்தண்ணி வாங்கப் போனார். நாங்கள் இரண்டு பேரும் நின்றோம்.

"நான்தான் சொன்னனெண்டு நினைச்சிங்களா புள்ள?" என்று கேட்டார். நேராக என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"ஓம் நானா" என்றேன். "கடிதம் அடிக்க வந்த ஆரோ சொன்னதாம். உங்களை நினைச்சது பிழை."

"நானும் உங்களத்தான் நினைச்ச" என்றார். "நேவிப் பொடியன் வாராவாரம் வாறான். இந்தப் புள்ள அவங்களுக்கு ஆக்களப் பத்திச் சொல்லுதோ எண்டு. என்ர வீட்டுப் பதிவையும் நீங்கதானே அடிச்ச. நான் எத்தின நாள் உறங்கல்ல தெரியுமா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. தேத்தண்ணி வந்தது. குடித்தோம்.

அந்தப் பொடியனைப் பற்றிப் பிறகு ஒன்றும் தெரியவில்லை. புல்மோட்டைப் பக்கம் மாற்றிவிட்டதாக ஒருவர் சொன்னார். அது அவன்தானா என்று நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் யார் காதில் விழும் என்ற யோசனை. சல்லிப் பெண்ணின் புருசன் வரவில்லை. அவளுடைய கடிதம் பென்னில் இருந்தபடியால், அவள் வரும்போதெல்லாம் மேலே விலாசத்தை மட்டும் மாற்றிப் புதிதாக எடுத்துக் கொடுத்தேன். மற்றவர்களைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டு ஒவ்வொன்றாக மறுபடி அடிக்கத் தொடங்கினேன். தையல்காரர் வாடிக்கை குறைந்த நேரங்களில் வந்து கதிரையில் இருந்து, நான் காசு வரவு எழுதும் கொப்பியிலிருந்த பெயர்களை எனக்கு வாசித்துக் காட்டினார். அவருக்கு ஆங்கில எழுத்து வராது, தமிழ் நன்றாக வாசிப்பார். அப்படித் தொடங்கிய முதல் நாள், கடை பூட்டும்வரை மழை விடவில்லை. பூட்டும்போது நாங்கள் ஒருவரின் காணிக் கடிதத்தில் பாதியில் நின்றோம், இன்னும் பல மீதமிருந்தன.